இடப்பக்கத்து பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

லைசென்ஸ் டெஸ்டுக்கு மூன்று பேரைக் கூட்டிப் போனேன். மூன்று பேரும் பெயில்.

தையல் கடை ஹசீனா அக்கா மேட்டில் வண்டியை அணைத்துவிட்டார். அது பின்னால் உருண்டதும் "யா அல்லா" என்று இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். கல்லூரி முடித்த ஒரு பெண், ஆர்.டி.ஓ. ஆய்வாளர் "நிறுத்துங்க" என்றதும் அவரைத் திரும்பிப் பார்த்தாளே தவிர நிறுத்தவில்லை. இந்திராணி மேடம் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய், வேப்பமரத்தடியில்தான் நின்றார். அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. நடந்து வந்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்களாம். கார் மட்டும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. இரண்டாவது தடவையாகப் பெயில்.

சாயந்திரம் குழந்தைசாமி சார் உள்ளே கூப்பிட்டார். எங்கள் டிரைவிங் ஸ்கூலின் முதலாளி. ஈரோட்டில் நாலு கிளை வைத்திருக்கிறார். பெயரில் மட்டும்தான் குழந்தை.

"வாணி, பொம்பளைங்களுக்குப் பொம்பளையே சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்னுதான் உங்கள எடுத்தேன். மத்தவங்க கூட்டிட்டுப் போறவங்க பாஸாகறாங்க. உங்காளுங்க மட்டும் ஏனுங் இப்படி?"

"எங்கூட ஓட்டறப்ப நல்லாத்தான் சார் ஓட்டறாங்க."

"அதுதானுங் எனக்கும் புரியல." மேசைமேல் இருந்த பொம்மைக் காரை முன்னும் பின்னும் உருட்டினார். "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறமும் இப்படியேன்னா வேற ஆளத்தான் பாக்கோணும். மனசுல வெச்சுக்காதீங்க."

வெச்சுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரைத்தேன். வலது கெண்டைக்கால் இன்றும் வலி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால்தான். பூபதி மாமா தைலம் தேய்த்துவிட்டார். என் கணவர்தான். கட்டியவரை மாமா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஜூன் 7, சனி

தூக்கம் தூக்கமாக வருகிறது. சிக்னலில் நின்றபோது ஹசீனா அக்காதான் என்னை எழுப்பினார். "டீச்சரே தூங்குனா நாங்க எங்கம்மா போறது?"

ஜூன் 11, புதன்

இரண்டு கோடு.

மாமாவிடம் காட்டினேன். பிளக்ஸ் அடிக்கும் கடையில் மெஷின் ஓட்டுகிறார். ஊருக்கெல்லாம் 'வருக வருக' என்று அடித்துக் கொடுக்கிறவருக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. "போன தடவை மாதிரி ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் மாமா. ஸ்கேன் முடியட்டும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் கழுவ இவ்வளவு தண்ணீரா?

மாமாவின் அம்மா, என் அத்தையிடமும் சொல்லவில்லை. சாரிடம் சொல்லவே கூடாது. இப்போது சொன்னால், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வயிற்றைக் காட்டுகிறாள் என்பார்.

ஜூன் 14, சனி

டாக்டர் தமயந்தியிடம் போனோம். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"நானே இன்னும் கத்துக்கல. என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சார். ரெண்டாம் நாளே பேச்சுவார்த்தை நின்னு போச்சு."

நல்ல டாக்டர். தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். வேகத்தடையில் மெதுவாகப் போக வேண்டும். சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

பழகுகிற காரில் என் பக்கமும், அதாவது இடப்பக்கமும், ஒரு பிரேக் இருக்கும். "அவ்வளவு பின்னாடி போனா என் பிரேக் எட்டாதுங்களே?" என்று கேட்டேன்.

"எட்டி மிதிக்கற அளவுக்கு இருந்தாப் போதும். எப்பவாச்சும்தானே மிதிப்பீங்க?"

"ஆமாங்க, எப்பவாச்சும்தான்."

ஜூன் 16, திங்கள்

சீட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். இந்திராணி மேடம் ஒரு மாதிரி பார்த்தார். "கால் நீட்ட வசதியா இருக்குங்க மேடம்" என்றேன்.

இன்றைய வகுப்பு படுமோசம். மேடம் இரண்டு வேகத்தடைகளைக் கவனிக்கவே இல்லை. பால் வண்டிக்காரர் எங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஹசீனா அக்கா வளைவில் வேகம் குறைக்காமல் திரும்பி, ஒரு இளநீர்க் கடையின் நிழலுக்குள்ளேயே போய்விட்டார். இதுவரை நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ஊரைத் தாண்டி, ஆளில்லாத சாலைக்குக் கூட்டிப் போய்ப் பழக்குவதுதான் சரி. வேலை போய்விடும் போலிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

பெருந்துறை ரோட்டில் வாந்தி. ஹசீனா அக்காவிடம் காலையில் சாப்பிட்ட பூரி என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

அத்தை ஏனோ கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டார். விலை ஏறியிருக்கும். குழம்பு தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் துணி வாளியைத் தூக்கப் போனால், "வெச்சுட்டுப் போ அம்மிணி, எனக்குக் கை சும்மா இருக்குது" என்கிறார். பெரிய மாங்காய் ஒன்று தினமும் நறுக்கி உப்பு மிளகாய்த் தூளோடு மேசைமேல் இருக்கிறது. அத்தைக்குத் திடீரென்று மாங்காய் ஆசை. ஆனால் தின்பது நான்தான்.

கால் வலி சுத்தமாக இல்லை. அந்தத் தைலத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நசியனூர் பக்கம் இந்திராணி மேடம் ஓட்டிக்கொண்டிருந்தார். சாலை காலியாக இருந்தது. அவர் பள்ளியில் ஒரு பையன் பல்லியைப் பிடித்து டிபன் பாக்சில் வைத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். புதரிலிருந்து ஒரு எருமை இறங்கி, நடுச்சாலையில் நின்று, எங்களைப் பார்த்தது.

என் கால் போனது. பிரேக் எட்டவில்லை. விரல் நுனி பட்டு வழுக்கியது. பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்வதற்குள் வண்டி நின்றுவிட்டது. எருமைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்.

எருமை அசை போட்டது.

"வாணி," என்றார் மேடம். குரல் அவருடையது போலவே இல்லை. "நானே நிறுத்துனேன்."

"ஆமாங்க மேடம்."

"இல்ல, புரிஞ்சுக்குங்க. நானே நிறுத்துனேன்! என் கால்ல நின்னுச்சு! இத்தன நாள் நான் பிரேக்குல கால வைக்கறதுக்குள்ள வண்டி தானா நின்னுரும். சரி, கார்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். ஆபீசர் பக்கத்துல உக்காந்தா மட்டும் நிக்கவே மாட்டேங்குதுன்னு..."

அதற்குமேல் சொல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்னால் வந்த டெம்போ ஹாரன் அடித்தது. மேடம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வகுப்பில் பிள்ளையை உட்கார வைப்பதுபோல் "இரு" என்று காட்டினார். டெம்போ அடங்கிவிட்டது.

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் வலது காலைப் பார்த்தேன். கெண்டைச் சதை வலித்தது பிரேக்கை மிதித்து மிதித்துத்தான். ஆட்டோவைக் கண்டால், நாயைக் கண்டால், தூரத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், அவர்களுக்கு முன்னால் நானே மிதித்திருக்கிறேன். மிதிப்பது எனக்கே தெரியவில்லை. ஏன் அப்படி மிதித்தேன் என்று வீட்டில் மாமா கேட்டார். ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான். வேறு காரணம் இல்லை.

ஜூலை 9, புதன்

ஹசீனா அக்கா வண்டியில் ஏறியதும் ஒரு பாட்டிலை என் மடியில் வைத்தார். நார்த்தங்காய் ஊறுகாய்.

"எதுக்குங்க அக்கா?"

"பூரிக்குத் தொட்டுக்க." வண்டிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டே, "மூணு பெத்தவ நான். எங்கிட்டயே பூரிங்கற. எத்தன மாசம்?" என்றார்.

அழுதுவிட்டேன். சார் சொன்னதையும், ஆடிக் கெடுவையும், முன்பு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்த்ததையும் சொன்னேன். அங்கே வாந்தி அதிகமாகி லீவு கேட்டபோது, மேனேஜர் அன்பாகத்தான் பேசினார். 'வீட்ல இருங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. பிறகு போன் செய்தால் எடுக்கவும் இல்லை. அந்த வருடம் நான் வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததைக் காணச் சகிக்காமல்தான், மாமா என்னைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அனுப்பினார்.

நான் முடித்ததும் அக்கா வண்டியைக் கிளப்பினார். மேட்டில் ஒரு இஞ்ச் கூடப் பின்னால் உருளவில்லை.

"சொல்லிரு. ஒளிச்சு வெச்சா நீயே தப்பு பண்ணுன மாதிரி ஆயிரும்," என்றார். ஸ்கேன் முடியட்டும் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

துடிக்கிறது! திரையில் பார்த்தேன், காதாலும் கேட்டேன். தறி ஓடுவதுபோல் அவ்வளவு வேகம். டாக்டர் தமயந்தி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். மாமா மூன்றாவது தடவையும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னோம். அவர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"இப்பவாச்சும் சொல்லோணும்னு தோணுச்சே. கருவாடு தின்னு ஒண்ணரை மாசமாச்சு சாமி."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மாமா அவரிடமும் சொல்லிவிட்டார். நல்லவேளை, பிளக்ஸ் அடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சாரிடம் சொன்னேன்.

முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோசமுங்" என்றார். பிறகு பொம்மைக் காரை உருட்ட ஆரம்பித்தார்.

"அப்ப வீட்ல இருந்துக்குங்க வாணி. குழந்தை பொறக்கட்டும். எல்லாம் ஆனப்புறம் பாத்துக்கலாம்."

அதே வார்த்தை. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

"பாத்துக்கலாம்னா என்னங்க சார் அர்த்தம்?"

"அர்த்தமென்னுங்... பாத்துக்கலாம்னா பாத்துக்கலாம்."

"வரலாமா, வரக்கூடாதா?"

அவர் உள்ளதைச் சொன்னார். "எனக்கும் சங்கடம்தானுங். ரிசல்ட் இல்லைன்னு நான் நிறுத்துனா, மாசமா இருக்கற புள்ளைய வெளிய அனுப்பிட்டான்னு ஊரே பேசும். வெச்சிருந்து ரோட்ல ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ரெண்டையும் சேத்தாதீங்க சார். ரிசல்ட் சரியில்லைன்னா ஆடி முடியட்டும், நீங்க சொன்னபடியே செய்ங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். வயித்துக்காக நிறுத்தாதீங்க. டாக்டர் போலாம்னு சொல்லியிருக்காங்க. பத்துப் பேருக்கு மேல வேலை பாக்கற இடத்துல பேறுகால லீவு சட்டப்படி உண்டுன்னும் விசாரிச்சிருக்கேன். உங்க நாலு கிளையும் சேத்தா இருபது பேருங்க."

இவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது இதுவே முதல் தடவை. எனக்கே மூச்சு வாங்கியது.

சார் பொம்மைக் காரை ஓரமாக நிறுத்தினார். "டெஸ்ட் வரட்டும்," என்றார்.

ஜூலை 30, புதன்

காலையில் சார் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க." அவ்வளவு பெரிய உருவத்தை எப்படி இல்லை என்று நினைப்பது? வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

இந்திராணி மேடம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்குள் ஓட்டினார். சைக்கிள்காரர், பூக்காரம்மா, குறுக்கே வந்த ஆட்டோ. என் கால் தவித்தது. பாதத்தைப் பாதத்தின்மேல் போட்டு அழுத்திக்கொண்டேன். "முன்னாடி ஆட்டோ, நீங்களே பாருங்க மேடம்" என்று வாயால் மட்டும் சொன்னேன். பார்த்தார். நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் அவரே நிறுத்தினார்.

இறங்கும்போது சார் சொன்னார்: "முந்தியெல்லாம் நீங்க ஓட்டிட்டு இருந்தீங்க வாணி. இப்பத்தான் சொல்லிக் குடுக்கறீங்க." பாராட்டா, திட்டா என்று மாமாவிடம் கேட்டேன். "ரெண்டும்," என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளை டெஸ்ட். வேலைக்குப் போடும் காக்கிச் சட்டை இடுப்பில் ஏறவில்லை. அத்தை பக்கத் தையலைப் பிரித்துத் தந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முதலில் கல்லூரிப் பெண். "நிறுத்துங்க" என்றதும் நிறுத்தினாள். பாஸ்.

அடுத்து ஹசீனா அக்கா. மேட்டில் பிரமாதமாக ஏற்றினார். ஆய்வாளர் மேட்டிலிருந்து வண்டியை இறக்கச் சொல்லும் நேரத்தில், அவர் சட்டைக் காலர் சரியாக உட்காரவில்லை என்பதை அக்கா கவனித்துவிட்டார். "இது எங்க சார் தெச்சது?" என்று முழுசாகத் திரும்பிக் கேட்டார். வண்டி கம்பத்தை மெதுவாக முத்தமிட்டது. பெயில். "காலர் கோணல்தாம்மா, நான் பொய் சொல்லல," என்று என்னிடம் வாதாடினார்.

கடைசியாக இந்திராணி மேடம். சுவரோரம் குந்திக்கொண்டேன். வண்டி போனது, திரும்பியது, பின்னால் வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது என் வலது கால் மண்ணை அழுத்தியது. வண்டி கோட்டில் நின்றது.

மேடம் கதவைத் திறந்து இறங்கினார். புடவையைச் சரி செய்துகொண்டார். கம்பீரமாக நடந்து வந்தார். என் பக்கத்தில் வந்ததும் குதித்தார். தலைமை ஆசிரியை குதித்ததை மைதானமே பார்த்தது. பிறகு என் வயிற்றைப் பார்த்து, கையைப் பிடித்து, "நீங்க குதிக்காதீங்க, உங்களுக்கும் சேத்து நான் குதிக்கறேன்," என்று மறுபடியும் குதித்தார்.

அவருக்கு எப்போது தெரிந்தது? கேட்டேன். "எருமை வந்த அன்னைக்கே. பயந்ததும் நீங்க கைய எங்க வெச்சீங்கன்னு பாத்தேனே," என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்து நேற்று ஆவணி பிறந்துவிட்டது. சார் கூப்பிடுவார் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மத்தியானம் நானே உள்ளே போனேன்.

"சார், ஆடி முடிஞ்சுதுங்க."

"ஆமா. கல்யாண சீசன். ரோடு பூரா கூட்டமா இருக்கும், பாத்துப் போங்க." கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளையிலிருந்து உங்களுக்கு நாலு பேரு புதுசு. இந்திராணி மேடம் அவங்க ஸ்கூல் டீச்சருங்களப் புடிச்சு அனுப்பியிருக்காங்க. மாசம் கூடக் கூட வண்டி வேண்டாம், ஆபீசுல சிக்னல் கிளாஸ் எடுங்க. லீவுக்கு என்னென்ன வேணுமுன்னு அக்கவுண்டன்ட் கிட்டப் பேசிட்டேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னும் என்னுங்?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு முழுப் பன் தின்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கார்களுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒரு உதை! இதுவரை இல்லாத பலம். "ஆ" என்று கத்திவிட்டேன். டிரைவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். என்ன என்று சொன்னதும் ஒவ்வொருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். ஹசீனா அக்கா இன்று லைசென்சோடு வந்தார். மூன்றாவது தடவையில் பாஸ். ஆய்வாளர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம்.

டிசம்பர் 12, வெள்ளி

லீவு ஆரம்பம். வீட்டில் உட்கார்ந்தால் முன்புபோல் ஆகிவிடுமோ என்று காலையில் கொஞ்சம் நெஞ்சடைத்தது. மாமாவிடம் சொன்னேன். சொன்னதும் குறைந்துவிட்டது. இதை இப்படிச் சொல்லலாம் என்று முன்பு தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று முன்தினம் விடியற்காலையில் பெண் பிறந்தாள். தலை நிறைய முடி. பிறந்ததும் அழவில்லை, கொட்டாவி விட்டாளாம். நான் எழுத, அவள் என் பக்கத்தில் தூங்குகிறாள். மாமா எதிரில் உட்கார்ந்து அவளையே பார்க்கிறார். காபி ஆறிவிட்டது.

மத்தியானம் குழந்தைசாமி சார் வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு, கையில் இன்னும் விலைச்சீட்டு எடுக்காத ஒரு சின்ன போர்வை. ரொம்ப நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பெரிய விரலை அவள் பிடித்துக்கொண்டாள். எடுக்கவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் குனிந்தபடியே நின்றார்.

"எப்ப வேலைக்கு வர்றீங்க வாணி?"

அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங், பெத்து இன்னும் மூணு நாளாகல. அதுக்குள்ள இப்படியா கேக்கறது?"

சார் தடுமாறினார். "இல்லீங்... பொம்பளைங்க வந்து வாணி மேடம் எப்ப வருவாங்கன்னு கேக்கறாங்க. வேற ஆளுகிட்டப் பழகமாட்டேன்னு திரும்பிப் போறாங்க. நான் ஒரு மாசத்தச் சொல்லோணுமில்லீங்?"

அத்தை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஆகஸ்ட்டுன்னு சொல்லுங்க சார்," என்றேன்.